41 சாதனை வாசித்தார்கள், வீட்டுக்குத் தண்ணீர் ஆறு குடம்: கிராம சபையில் என்னதான் கேட்பது?

ஏரிக்கரைவாசி | ஞாயிறு, மாலை

2025 குடியரசு தினக் கிராம சபைக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். 2021 அக்டோபரில் ஊராட்சித் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. அதனால் பதவிக்காலம் முடியாமல் எங்களுக்கு இன்னும் ஊராட்சித் தலைவர் இருக்கிறார்.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூட்டம். கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும், தலைவர் "கடந்த ஓராண்டுச் சாதனைகள்" என்று தட்டச்சு செய்த நான்கு பக்கத்தை எடுத்து வாசித்தார். எண்ணிக்கொண்டே வந்தேன், மொத்தம் 41. இரண்டு தெருவுக்கு பேவர் பிளாக், வாய்க்காலுக்குச் சிறுபாலம், எல்.இ.டி. தெருவிளக்கு, அங்கன்வாடிக்கு வெள்ளையடிப்பு, மண்புழு உரக் கூடம் என்று போனது. பதினேழாவதாக "வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய், 100 சதவீதம்". அதற்குக் கைதட்டல் வேறு.

எங்கள் வீட்டு வாசலிலும் அந்த நீலக் குழாய் இருக்கிறது. காலை ஆறு பத்துக்குத் திறந்தால் முதலில் 'புஸ்ஸ்' என்று காற்று. அப்புறம் நூல் மாதிரி ஒழுகும். குடத்தை நேராக வைத்தால் பாதித் தண்ணீர் வெளியில் போகும், சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஏழு மணிக்கு நின்றுவிடும். இன்று பிடித்தது ஆறு குடம். வீட்டில் ஐந்து பேர்.

குறை சொல்ல நேரம் வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். பத்து நிமிடம் கொடுத்தார்கள். நான் எழுந்து தண்ணீர் வரவில்லை என்றேன். "பதிவு செய்துகொள்கிறோம்" என்றார் செயலர். போன ஆண்டும் இதையேதான் சொன்னேன், அவரும் இதையேதான் சொன்னார்.

இந்த ஆண்டறிக்கைக் கூத்தை உருப்படியாக ஆக்க வழி இருக்கிறதா? அடுத்த கூட்டம் மார்ச்சில், தண்ணீர் தினத்தை ஒட்டி. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தெற்குத்தெரு | ஞாயிறு, இரவு

எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கையெழுத்து விழுந்தது என்பதை முதலில் சொல்லுங்கள் அண்ணே. மற்றதெல்லாம் அப்புறம்.

ஏரிக்கரைவாசி | ஞாயிறு, இரவு

எண்பது பேர் இருந்திருப்போம். எங்கள் ஊர் ஜனத்தொகை நாலாயிரத்துச் சொச்சம்.

தெற்குத்தெரு | ஞாயிறு, இரவு

அப்படியானால் 200 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300. விதி இதுதான். நாளைக்கே போய்ப் பாருங்கள், பதிவேட்டில் இருநூற்றுச் சில்லறை கையெழுத்து இருக்கும். எங்கள் ஊரில் மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு ரேஷன் கடை வரிசைக்கே வந்துவிடுவார்கள். என் அம்மாவிடம் கைநாட்டு வாங்கிப் போனார்கள். அவருக்கு அது எதற்கு என்றே தெரியாது, புது கார்டு வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். கூட்டமே கணக்குக்காக நடக்கிறது, நீங்கள் சாதனைப் பட்டியலைக் கேள்வி கேட்கிறீர்கள்!

மூன்றாம்_வார்டு_அக்கா | திங்கள், காலை

நான் ஒரு வார்டு உறுப்பினர். ஊர் சொல்லமாட்டேன், அதுவும் அந்த ஒன்பது மாவட்டத்தில் ஒன்றுதான்.

அந்த 41-ஐ எப்படித் தயாரிக்கிறார்கள் என்று சொல்கிறேன். கூட்டத்துக்கு முந்தின நாள் இரவு செயலர் ஒவ்வொரு உறுப்பினருக்கும் போன் போட்டு "உங்க வார்டுல என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்பார். எனக்கு வரவேண்டிய போன் என் வீட்டுக்காரருக்குப் போகும். 2016-இலேயே பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தாயிற்று, போன் நம்பர் மட்டும் இன்னும் மாறவில்லை. அவர் ஞாபகத்தில் இருப்பதைச் சொல்வார். ஞாபகத்தில் இருப்பது எது? கட்டியது, திறந்தது, ரிப்பன் வெட்டியது. ஆறு மாதமாக அடைத்துக் கிடந்த சாக்கடையை இரண்டு தூய்மைக் காவலர்கள் இறங்கிச் சுத்தம் செய்தார்களே, அது பட்டியலில் வரவே வராது. அதற்கு போட்டோ கிடையாது.

ஆனால் ஒன்று. வருஷம் முழுக்க என் வீட்டு வாசலில் நிற்காதவர்கள் கூட்டத்தன்று மட்டும் எழுந்து கத்துவதும் நடக்கிறது. ஏரிக்கரைவாசி தம்பி, உங்கள் வார்டு உறுப்பினர் யார் என்று தெரியுமா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்.

ஏரிக்கரைவாசி | திங்கள், மதியம்

அக்கா, முகம் தெரியும். பெயரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன், அதுவும் இன்று காலைதான். ஒப்புக்கொள்கிறேன்.

முன்னாள்_கிளார்க் | திங்கள், இரவு

ஊராட்சி செயலராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்தில் எங்களைக் கிளார்க் என்றுதான் கூப்பிடுவார்கள், பெயரையும் அப்படியே வைத்துக்கொண்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாதனைப் பட்டியலில் ஏன் கட்டியது மட்டுமே வருகிறது என்பதற்கு மறதி ஒரு காரணம், பணம் வரும் வழி பெரிய காரணம். என் காலத்தில் ஊராட்சிக்கு மூன்று வங்கிக் கணக்கு. ஒன்றாம் எண் பொது நிதி. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், மாநில மானியம் எல்லாம் இங்கே வரும். இரண்டாம் எண்ணில் இருந்து மின்கட்டணமும் குடிநீர் வாரியத்துக்குக் கட்டவேண்டியதும் போகும், வேறு எதற்கும் தொட முடியாது. மூன்றாம் எண் திட்டப் பணம்.

மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் (2021–26) 60 சதவீதம் கட்டுண்ட நிதி, அதாவது சொன்ன வேலைக்கு மட்டும். அதில் பாதி குடிநீருக்கு, பாதி சுகாதாரத்துக்கு. மிச்சம் 40-ஐ ஊர் விருப்பப்படி செலவழிக்கலாம், ஆனால் சம்பளம் போடக்கூடாது. சரி, மோட்டார் காயில் எரிந்துபோனால்? ராத்திரி பத்து மணிக்கு டேங்க் ஆபரேட்டர் போன் செய்வார். ரீவைண்டிங் கடைக்காரன் கையில் காசு இல்லாமல் மோட்டாரை வண்டியில் ஏற்றமாட்டான். அந்த நேரத்தில் கை போவது பொது நிதிக்குத்தான், பொது நிதி என்பது நடைமுறையில் உங்கள் வீட்டு வரி. வரி வசூல் எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. நான் வேலை பார்த்த ஊரில் ஒருவர் மாடி மேல் மாடி கட்டினார், கூரை வீட்டுக்குப் போட்ட வரியையே பதினோரு வருஷம் கட்டினார். கேட்கப் போனால் காபி கொடுத்து அனுப்புவார்.

ஆக, புதிதாகக் கட்டப் பணம் வரும், கட்டியதை ஓட்டப் பணம் வராது. அறிக்கை எப்படி இருக்கும்? கட்டியதாகத்தான் இருக்கும்.

இப்போது உங்கள் பதினேழாவது சாதனைக்கு வருகிறேன். 2019-இல் வீட்டுக்கு வீடு குழாய் போட மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் வந்தபோது வைத்த அளவு, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் வீட்டுக்கு 275 லிட்டர். நம் பிளாஸ்டிக் குடம் பதினைந்து லிட்டர் என்று வைத்துக்கொண்டால் பதினெட்டுக் குடம். உங்களுக்கு வருவது ஆறு. "தண்ணீர் வரவில்லை" என்று எழுந்து சொன்னால் பதிவு செய்துகொள்வார்கள். "பதினெட்டுக் குடம் வரவேண்டிய இடத்தில் ஆறு வருகிறது, மீதி பன்னிரண்டு எங்கே" என்று கேட்டால் ஆபரேட்டரைக் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும்.

ஏரிக்கரைவாசி | திங்கள், இரவு

ஐயா, பதினெட்டுக் குடம் என்றதும் என் மனைவி சிரித்துவிட்டாள். "பதினெட்டா? அப்படி வந்தால் குளிப்பாட்டுவதற்கு மாடு வாங்கலாம்" என்கிறாள்.

கல்வெட்டுப்பித்தன் | செவ்வாய், காலை

உள்ளாட்சி பற்றிய பேச்சில் உத்திரமேரூரை இழுக்காமல் விடக்கூடாது என்பது எழுதாத விதி, அதை நிறைவேற்றி வைக்கிறேன். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். குடவோலை எல்லோருக்கும் தெரியும். இந்த இழைக்கு வேண்டியது வேறு வரி: வாரியத்தில், அதாவது ஊர்ப் பொறுப்புக் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் பெயரையும், அவருடைய உறவினர் பெயரையும் குடத்தில் போடக்கூடாது. வாரியப் பொறுப்பு ஓராண்டு, 360 நாள். சம்வத்சர வாரியம் என்றே ஒன்று உண்டு, ஆண்டு வாரியம். ஏரி வாரியம், தோட்ட வாரியம் தனி. ஆண்டுக் கணக்கு என்பது நமக்குப் புது விஷயம் இல்லை.

தெற்குத்தெரு | செவ்வாய், காலை

அதே கல்வெட்டில் குடத்தில் பெயர் விழ யாருக்குத் தகுதி என்றும் இருக்கிறதே, அதையும் எழுதுங்கள். வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. எங்கள் தெற்குத் தெருவில் ஒருத்தர் பெயரும் குடத்தருகில் போயிருக்காது.

கல்வெட்டுப்பித்தன் | செவ்வாய், மதியம்

மறுக்கவில்லை. அது பிரம்மதேய சபை, பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின் சபை. கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை என்ற ஒரு விதியை மட்டும் கடன் வாங்கலாம் என்கிறேன், சபையை அல்ல. உறவினர் வரை தடுத்திருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். இன்று அதைப் போட்டால் பாதி ஊரில் நிற்க ஆள் இருக்காது.

தனிஅலுவலர்_ஊர் | செவ்வாய், இரவு

உங்களுக்காவது கேட்க ஒரு தலைவர் இருக்கிறார். 2019-இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் பதவிக்காலம் இந்த ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எங்கள் ஊரில் ஞாயிறன்று, தலைவருக்குப் பதில் அரசு வைத்த தனி அலுவலர் சார்பில் யாரோ வந்தார். மூன்று ஊராட்சிக்குப் போகவேண்டுமாம், வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பழைய தலைவர் கடைசி வரிசையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "போன வருஷம் தீர்மானம் போட்ட சுடுகாட்டுப் பாதை என்னாயிற்று" என்று கேட்டோம். வந்தவருக்கு அந்தத் தீர்மானமே தெரியாது. பழையவரைத் திரும்பிப் பார்த்தோம். "நான் இப்ப உங்களை மாதிரி ஒரு குடிமகன்ப்பா" என்றார். கூட்டமே சிரித்தது, எனக்கு மட்டும் வரவில்லை.

2016-இல் முடிந்த பதவிக்காலத்துக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. இந்த முறை எவ்வளவு இழுக்குமோ.

புறநகர்_பையன் | புதன், காலை

எங்கள் ஊரில் யாருக்கும் ஆண்டறிக்கை ஞாபகமே இல்லை. இந்த மாதத் தொடக்கத்தில் 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகளை இணைக்கப்போவதாக அறிவிப்பு வந்ததே, அந்தப் பட்டியலில் நாங்கள் இருக்கிறோம். முழுக் கூட்டமும் அதற்கு எதிர்ப்புத்தான். நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும் என்று பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்திருந்தார்கள். கோரம் முதல் முறையாக உண்மையாகவே நிரம்பியது!

கொங்குக்காற்று | புதன், இரவு

முன்னாள் கிளார்க் ஐயா மின்கட்டணத்தைத் தொட்டதால் சொல்கிறேன். எங்கள் பக்கம் மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006-இல் சொந்தமாகக் காற்றாலை வாங்கியது. 350 கிலோவாட், சுமார் 1.55 கோடி ரூபாய், பெரும்பகுதி வங்கிக் கடன். ஊருக்குத் தேவைப்படுவது போக மீதியை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். மோட்டார் ஓட்டும் மின்கட்டணம் கழுத்தை நெரித்ததுதான் அதற்குத் தொடக்கம். இதைத்தான் சாதனை என்பேன். அங்கன்வாடிக்கு வெள்ளையடித்ததை எண் போட்டு வாசிப்பது, இட்லி வெந்ததற்குப் பொதுக்கூட்டம் போடுவது மாதிரி.

மூன்றாம்_வார்டு_அக்கா | புதன், இரவு

வெள்ளையடிப்பைக் கேலி செய்யாதீர்கள் சார். அந்த அங்கன்வாடிச் சுவரில் கரையான் ஏறி, பிள்ளைகளை வெளித் திண்ணையில் உட்காரவைத்து மூன்று மாதம் நடத்தினோம். காற்றாலை எல்லா ஊருக்கும் வாய்க்காது.

கொங்குக்காற்று | புதன், இரவு

சரிங்க அக்கா. இட்லியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

தகவல்_கேட்பவன் | வியாழன், காலை

பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் போட்டுவிடுங்கள். முப்பது நாளில் பதில் வரவேண்டும். வரவு செலவை, ஊராட்சிக் கணக்குக்கென்று மத்திய அரசு வைத்த இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்திலும் பார்க்கலாம், 2020-இல் இருந்து இருக்கிறது.

முன்னாள்_கிளார்க் | வியாழன், இரவு

போடலாம், தப்பில்லை. ஆனால் மனுப் போட்ட அன்றிலிருந்து நீங்கள் எதிராளி. முதலில் செலவில்லாத வழியைப் பாருங்கள்.

தீர்மானப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. சாதனை வாசிக்க ஆரம்பிக்கும் முன்பே எழுந்து, "போன கூட்டத்துத் தீர்மானங்களை வாசித்து ஒவ்வொன்றின் நிலையையும் சொல்லுங்கள், அப்புறம் சாதனைக்கு வருவோம்" என்று கேளுங்கள். கத்தவேண்டாம், உட்கார்ந்தபடியே கேட்டாலும் போதும். நான்கைந்து பேர் சேர்ந்து கேட்கவேண்டும், அதுதான் முக்கியம். வரவு செலவுக்குப் படிவம் 30 உண்டு, அதைக் கூட்டத்தில் பார்வைக்கு வைக்கச் சொல்லுங்கள். கூட்டம் முடியும்போது, எழுதிய தீர்மானத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் நாலு விரல் இடம் விட்டிருந்தால் குறுக்கே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அந்த நாலு விரல் இடத்தில் என்னவெல்லாம் எழுதலாம் என்று எனக்குத் தெரியும். எழுதச் சொல்லி என்னையே கேட்டிருக்கிறார்கள்.

தெற்குத்தெரு | வியாழன், இரவு

எழுதினீர்களா ஐயா?

முன்னாள்_கிளார்க் | வெள்ளி, காலை

ஒருமுறை. ஒரு களத்துமேடு சம்பந்தமாக. அதைப் பற்றிப் பேசவேண்டாம் தம்பி.

மூன்றாம்_வார்டு_அக்கா | வெள்ளி, இரவு

குடக் கணக்கு நல்ல யோசனைதான், ஆனால் ஒரு நாள் கணக்கைக் காட்டினால் "அன்றைக்குக் கரண்ட் இல்லை" என்று முடித்துவிடுவார்கள். தினமும் யார் எழுதுவது? கோலம் போடுகிற நேரத்தில் நோட்டுப் புத்தகம் தேடமுடியாது.

எங்கள் வீட்டில் சிலிண்டர் மாற்றிய தேதி, பால் வராத நாள் எல்லாம் சமையலறை காலண்டரில்தான் இருக்கும். எல்லா வீட்டிலும் அப்படித்தான். அதிலேயே தண்ணீரையும் போடுங்கள். எத்தனை குடமோ அந்த எண், வராத நாளுக்குச் சுழி. என் வார்டில் ஆறு வீட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். மாதக் காலண்டரில் எழுதுங்கள், நாள்காட்டித் தாளில் எழுதினால் காலையில் யாராவது கிழித்துவிடுவார்கள்.

ஏரிக்கரைவாசி | வெள்ளி, இரவு

என் மனைவி ஏற்கெனவே பேனாவைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டாள்.

*(இரண்டு மாதம் கழித்து)*

ஏரிக்கரைவாசி

தண்ணீர் தினக் கூட்டம் முடிந்தது. பழைய இழையைத் தோண்டுகிறேன், மன்னிக்கவும்.

முன்னாள் கிளார்க் ஐயா சொன்னபடி ஐந்து பேர் பேசிவைத்துக்கொண்டு போனோம். பதிவேட்டை வாசியுங்கள் என்றதும் செயலர் தலைவரைப் பார்த்தார், தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில் வாசித்தார்கள். ஜனவரியில் நான் சொன்னது அதில் எப்படி இருந்தது தெரியுமா? "குடிநீர் வழங்கல் குறித்து விவாதிக்கப்பட்டு ஒருமனதாக ஏற்கப்பட்டது." நான் குறை சொன்னதை ஒருமனதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்!

அப்புறம் எங்கள் தெருப் பெண்கள் ஏழு காலண்டரை மேசை மேல் விரித்தார்கள். ஒன்றில் முருகன், இரண்டில் லட்சுமி, ஒன்று நகைக்கடை, மற்றவை மளிகைக்கடை. தலைவர் சிரித்துக்கொண்டேதான் ஒன்றைக் கையில் எடுத்தார். புரட்டப் புரட்டச் சிரிப்பு நின்றது. ஏழு வீட்டிலும் செவ்வாயும் வெள்ளியும் சுழி. வீட்டுக்கு வீடு எண்கள் கொஞ்சம் மாறுகின்றன, சுழி மட்டும் ஒரே நாளில் விழுகிறது. ஆபரேட்டரைக் கூப்பிட்டார். அவர் பாவம், மறைக்கவே இல்லை. கிழக்குத் தெரு வால்வைத் திறந்தால் எங்கள் தெருவுக்கு ஏறாது, ஒரே மோட்டார், வாரத்தில் இரண்டு நாள் அங்கே திறக்கச் சொல்லி வாய்மொழி உத்தரவு என்றார். உத்தரவு போட்டது யார் என்று கேட்டதும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

தீர்மானம் இப்படி எழுதியிருக்கிறார்கள்: இரண்டு தெருவுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள், நேரம் டேங்க் தூணில் பெயின்டால் எழுதவேண்டும், இரண்டாவது மோட்டாருக்கு மதிப்பீடு. உரக்கப் படிக்கச் சொன்னோம். கோடும் போடவைத்தோம்.

தெற்குத்தெரு

பெயின்ட் அடித்தார்களா?

ஏரிக்கரைவாசி

அடித்துவிட்டார்கள். கிழக்குத் தெரு நேரம் பளிச்சென்று இருக்கிறது. எங்களுடையது பாதியில் நிற்கிறது, பெயின்ட் தீர்ந்துவிட்டதாம்.

மூன்றாம்_வார்டு_அக்கா

எங்கள் ஊரில் ஆறு காலண்டரில் மூன்றுதான் தேறியது. ஒன்றில் பேரன் படம் வரைந்துவிட்டான். மே 1 கூட்டத்துக்கு நானும் கொண்டு போகிறேன். உறுப்பினரே எடுத்து வைத்தால் கோபப்படுவார்கள் என்கிறார் வீட்டுக்காரர். படட்டும். தம்பி, மார்ச் தாளையும் பத்திரமாக வையுங்கள், மாதம் முடிந்ததென்று பிள்ளைகள் புத்தகத்துக்கு அட்டை போட்டுவிடப் போகிறார்கள்.